ஒரு நாளைக்கு ஓர் அரிசி நீளம்

கருங்கல்புதூர் மேலத்தெருவில், அடிபம்புக்கும் குத்தாலிங்கம் அண்ணாச்சி வீட்டு வாசற்படிக்கும் நடுவில், ஒரு துப்பாக்கிக் குண்டு பத்து வருஷத்துக்கு மேல் காற்றில் போய்க்கொண்டே இருந்தது. அது ஒரு நாளைக்கு ஓர் அரிசி நீளம்தான் போகும் என்று முதலில் கண்டுபிடித்தது போலீஸும் இல்லை, சர்வேயரும் இல்லை, மாநிலப் போட்டியில் மெடல் வாங்கியவர்கள் இருந்த எங்கள் துப்பாக்கிச் சங்கமும் இல்லை. தினமும் காலையில் கோலம் போட வெளியே வந்த அவர் மனைவி சண்முகவடிவு மதினிதான்.

நான் அந்தச் சங்கத்தின் செயலாளர், பெயர் வைகுண்டம். சங்கம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கைவிட்ட கல்குவாரி ஒன்று, அதன் அடியில் ஒரு மண்மேடு, மேட்டுக்கு முன்னால் அட்டை குத்த நாலு மரச்சட்டம், இவ்வளவுதான். மலையிலிருந்து இறங்கும் பன்றிகளை விரட்ட லைசென்ஸ் வாங்கிய கடலைக்காட்டுக்காரர்கள், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள், ஒரு பாங்க் காவலாளி என்று பதினாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடி அட்டையைச் சுடுவோம், நான் ஓட்டைகளை எண்ணி நோட்டில் எழுதுவேன், பிறகு எல்லோருமாகப் புரோட்டா தின்னப் போவோம். வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது. 'சுடுவதற்கு முன் குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்' என்று நீல பெயிண்டில் அதை எழுதியவர் குத்தாலிங்கம் அண்ணாச்சி.

அண்ணாச்சியிடம் மூன்று துப்பாக்கிகள் இருந்தன. அவருடைய தாத்தா மருந்து இடித்துச் சுட்ட ஒற்றைக்குழல், மலை எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போன துரை கொடுத்த இரட்டைக்குழல், பிறகு அவர் உயிராக வைத்திருந்த ஒரு ரிவால்வர். மனிதர் ஒரு பன்றியைக்கூட சுட்டதில்லை. வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய் போடுவார், சரஸ்வதி பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பார், மற்ற நேரமெல்லாம் அவற்றுக்கு உறை தைத்துக்கொண்டிருப்பார். உறை தைப்பதில் அவருக்கு இருந்தது பைத்தியம் என்றே சொல்லலாம். ஆவாரம்பட்டையில் பதப்படுத்திய மாட்டுத்தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, எண்ணெய்த் தாள் சுற்றிய ரிவால்வரை அதற்குள் வைத்து, பிடியும் விசையும் குழலும் தோலுக்கு மேலே எழும்பித் தெரிகிறவரை கட்டைவிரலால் நீவி நீவி அழுத்துவார்.

"ஈரத்துல பிடிச்சத தோலு மறக்காது வே," என்பார் என்னிடம். "ஆனா காயுத வரைக்கும் அசையப்படாது. அசைஞ்சா எல்லாம் போச்சு."

தோல் ஆற்றங்கரைத் தெருவிலிருந்து வரும். அங்கே கொம்பையாவும் அவன் தங்கை பூவம்மாவும் தொட்டி வைத்துத் தோல் பதனிட்டார்கள், பூவம்மாவின் மகன் பேச்சிமுத்து சைக்கிளில் கட்டிக் கொண்டுவருவான். தோல் வீட்டுக்குள் போகும். அண்ணாச்சி அதை முகத்தருகே பிடித்து முகர்ந்து பார்ப்பார், தலைமாட்டில்கூட வைத்துக்கொள்வார். கொண்டுவந்தவன் மட்டும் வாசற்படிக்குக் கீழேயே நிற்க வேண்டும். மேலத்தெருவில் அதை யாரும் தப்பாக நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை, வெட்கத்தோடு சொல்கிறேன். அவர் மகள் உலகம்மைதான் படியிலிருந்து குனிந்து தோலை வாங்குவாள். அப்படிக் குனிந்து வாங்கிய மூன்று வருஷத்தில் அவர்களுக்குள் என்ன கைமாறியது என்று அறிய எங்களில் ஒருத்தருக்கும் கண் இல்லை.

தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளையெல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும், ரிசல்ட் வந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். அந்த வருஷம் இரண்டரை மாதம் ஆகிவிட்டது. திரும்பி வருகிற அன்று ஸ்டேஷனிலிருந்து நேரே குவாரிக்குப் போய் ஆளுக்கு ஐந்து தோட்டா சுட்டுப் பார்ப்பது எங்கள் வழக்கம், ஸ்டேஷன் அறையில் ஈரம் அதிகம். சுட்டு முடித்ததும் காலித் தோட்டாக்களை எண்ணி, துப்பாக்கி வெறுமையாகத்தான் இருக்கிறது என்று பார்த்து, அதன் பிறகே ஆளை வெளியே விடுவது என் வேலை. அண்ணாச்சி நாலுதான் சுட்டார். அந்த நாலு ஓட்டையையும் ஓர் உளுந்தவடையால் மூடிவிடலாம், அப்படிச் சுட்டிருந்தார். நாலு காலித் தோட்டாவை எண்ணிய நான் ஐந்தாவது எங்கே என்று கேட்கவில்லை. எனக்கு ஒரு கல்யாணப் பந்திக்கு நேரமாகிவிட்டது. இந்தக் கதையில் நான் செய்தது அவ்வளவுதான், அது போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் நாலு மணி இருக்கும். வெற்றிலை மென்றுகொண்டு நான் தெருவில் திரும்புகிறேன், எனக்குப் பத்தடி முன்னால் அண்ணாச்சி இடுப்பில் புது உறையோடு அடிபம்பருகே நின்றுவிட்டார். எதிரே அவர் வீட்டில் பூவம்மா ஒரு தாம்பாளத்தில் பழமும் பாக்கும் வெற்றிலையும் ஏந்தி நின்றாள். பக்கத்தில் பேச்சிமுத்து, தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக. இருவரும் படிக்குக் கீழே நிற்கவில்லை, மேல்படியில் நின்றார்கள். அண்ணாச்சி ரிவால்வரை உறையிலிருந்து உருவினார். முப்பது வருஷமாகச் செய்துவந்ததைப் போல மூச்சைப் பாதியில் நிறுத்தி, கையை நீட்டி, விசையை அமுக்கினார்.

சத்தம் கேட்டது. மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன, புகை வந்தது, மருந்து நாற்றம் வந்தது. குண்டும் வந்தது, குழல்வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நாலரை அடி உயரத்தில், ஈயமும் செம்புமாகப் பளபளத்துக்கொண்டு அப்படியே நின்றது. நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அண்ணாச்சி ரிவால்வரைத் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டேஷன்ல ஈரம் பட்டுருக்கு," என்றார்.

பேச்சிமுத்துவுக்குப் பின்னால் வாசல் நிலையிலிருந்து உலகம்மை வெளியே வந்தாள். பூவம்மாவின் கையிலிருந்து நழுவிய தாம்பாளத்தை எடுத்துப் படியில் ஓரமாக வைத்தாள், பேச்சிமுத்துவின் கையைப் பிடித்தாள், மூன்று பேருமாக முற்றத்தைக் கடந்து தெருவுக்கு வந்தார்கள். குண்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்று, கடைக் கண்ணாடிக்குள் இருக்கும் வளையலைப் பார்ப்பதுபோல் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்பா, இது நான் நின்ன எடத்தத் தாண்டட்டும். தாண்டுன பொறவு இந்த வீட்டு வாசலுக்கு வாரேன்," என்றாள். தெருவே கேட்டது. அன்றைக்கே திருப்பூர் பஸ் ஏறிவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் குறடு கொண்டுவந்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. பட்டறை ஆசாரி இடுக்கியும் சம்மட்டியுமாக அரைநாள் போராடினார். மணல்மூட்டை அடுக்கினோம், இரும்புத் தகடு நிறுத்தினோம், எல்லாவற்றிலும் அது அவசரமில்லாமல், நாளுக்கு ஓர் அரிசி நீளம், சுத்தமான ஒரு துளை போட்டுக்கொண்டு போனது. அண்ணாச்சியைப் பிடித்துப்போய் இருபது நாள் உள்ளே வைத்துப் பிறகு ஜாமீனில் விட்டார்கள். மூன்று துப்பாக்கியும் போயிற்று, லைசென்ஸும் போயிற்று. குண்டு எங்கே என்று நீதிபதி கேட்டாராம், வந்துகொண்டிருக்கிறது என்று அரசு வக்கீல் சொன்னாராம், வந்து சேரட்டும் என்று வழக்கைத் தள்ளிவைத்தார்களாம். அதற்குப் பிறகு மூன்று நீதிபதிகள் மாறிவிட்டார்கள்.

சர்வேயரை அழைத்து அது போகிற பாதைக்கு நூல் பிடிக்கச் சொன்னோம். குண்டிலிருந்து நூல் தெருவைக் கடந்தது, கேட்டைக் கடந்தது, முற்றத்து வாதாமரத்தை ஒட்டிப் போனது, மேல்படியில் பேச்சிமுத்துவின் நெஞ்சு இருந்த இடத்தைத் தொட்டது, அங்கே நிற்காமல் வாசல் நிலைக்குள் போனது. அப்போது சண்முகவடிவு மதினி உள்ளிருந்து வந்து நிலைக்கு நடுவே நூலின்மேல் ஒரு விரலை வைத்தாள்.

"உலகு இங்கன நின்னா," என்றாள்.

நின்ன எடம் என்று மகள் சொன்னது எது என்று அண்ணாச்சிக்கு அதுவரை தெரியாது. நெஞ்சளவு உயரம், முப்பத்தி ரெண்டு போர் குண்டு, இருபத்தைந்து தப்படி. அது ஓர் ஆளைத் துளைத்து வெளியே வந்து இன்னொருத்தரைத் துளைக்கும் என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்தவர். அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் நூலை இன்னும் உள்ளே இழுக்கப் பார்த்தார். மதினி மடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நிலையோடு நூலை நறுக்கிவிட்டாள்.

"போதும் தம்பி, இதுக்கு மேல வேண்டாம்," என்றாள்.

பிறகு ஊருக்குப் பழகிவிட்டது. எங்களுக்குப் பழகாதது என்ன இருக்கிறது. குண்டுக்கு இரு பக்கமும் மூங்கில் நட்டு சிவப்புத் துணி கட்டினோம், மினி பஸ் கீழத்தெரு வழியாகச் சுற்றிப் போயிற்று, ஒரு வருஷம் தேர்கூட ரெண்டு முழம் விலகித்தான் போயிற்று. பிள்ளைகள் அதற்கடியில் ஓடி விளையாடினார்கள், தலை தட்டுகிற உயரம் வந்த பிள்ளைக்கு 'குண்டுக்குக் குனியுத வயசு வந்துட்டு' என்று தாய்மார் பூ வைத்துவிட்டார்கள். சரஸ்வதி பூஜையன்று யாரோ ஒரு புண்ணியவதி அதற்கும் சந்தனப் பொட்டு வைத்தாள், அடுத்த வருஷத்திலிருந்து அது முறையாகிவிட்டது. மழைக்காலத்தில் தட்டான்கள் அதன்மேல் வந்து உட்காரும், ஏனென்றால் அது எப்போதும் வெதுவெதுப்பாக இருந்தது. மூன்று வருஷமும் சில மாதங்களும் கழித்து அது தெருவைக் கடந்து அண்ணாச்சியின் கேட்டுக்குள் நுழைந்த நாளில் மினி பஸ் பழைய வழிக்குத் திரும்பியது, ஊருக்கு இருந்த அக்கறையும் அதோடு முடிந்தது. இனி அது அவர்கள் வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டோம்.

துப்பாக்கி இல்லாத அண்ணாச்சி உறை தைத்துக்கொண்டே இருந்தார். இப்போது குண்டுக்கு உறை. கட்டைவிரல் அளவில் சின்னச் சின்னதாகத் தைத்து, நனைத்து, குண்டின்மேல் மாட்டி, காய்கிறவரை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பார். தோல் காய்ந்து இறுகும், குண்டு ஒரு வாரத்தில் அதன் நுனியைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிடும். துளைபட்ட உறைகளை வாதாமரக் கிளையில் கட்டித் தொங்கவிட்டார். நூற்றைம்பதுக்குமேல் ஆனபோது மரம் அவற்றையே காய்த்ததுபோல் இருந்தது.

தோல் கொண்டுவர ஆள் இல்லாததால் அவரே ஆற்றங்கரைத் தெருவுக்குப் போனார். முதல் நாள் தெரு முனையில் நின்றுகொண்டு, "ஏலே கொம்பையா," என்று கூப்பிட்டார், யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் கொம்பையாவின் வாசற்படிக்குக் கீழே வந்து நின்று, "கொம்பையா இருக்காங்களா?" என்று கேட்டார். கொம்பையா வெளியே வந்து அவரையும் அவர் நின்ற இடத்தையும் பார்த்தான்.

"எவ்ளோ வேணும்?" என்றான்.

"ஒரு தோலு." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "உலகு நல்லா இருக்காளா?" என்றார்.

"இருக்கா. பனியன் கம்பெனில ரெண்டு பேரும் வேலை. பிள்ளை உண்டாயிருக்கா."

அதன் பிறகு மாதம் ஒரு தோல் வாங்கினார், சில மாதம் இரண்டு. வீடு முழுக்கத் தோல் சேர்ந்தது. பெண் குழந்தை பிறந்ததும், அதற்கு வடிவு என்று பேர் வைத்ததும், அது நடந்ததும், அதற்குப் பல் முளைத்ததும் ஒவ்வொரு தோலோடு வீட்டுக்கு வந்தன. அவர் வந்து மதினியிடம் சொல்வார், மதினி கேட்டுக்கொண்டு அடுக்களைக்குப் போய்விடுவாள். எத்தனையாவது வருஷம் என்று நினைவில்லை, கொம்பையா ஒரு நாள் உள்ளே வந்து உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தான், இவரும் குடித்தார். மேலத்தெருவில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது நான் சண்டை போட்டேன். காலம் கடந்து போட்ட சண்டை, ஆனாலும் போட்டேன்.

எட்டாம் வருஷம் மாசியில் மதினி இறந்துபோனாள். ஒரு வாரக் காய்ச்சல், அவ்வளவுதான். குண்டு அப்போது முற்றத்தில் வாதாமரத்தைத் தாண்டி நின்றது. பாடையைத் தூக்கியவர்கள் அதற்காக முழங்காலை மடக்கி, மதினியைத் தாழ்த்திப் பிடித்து, அதற்கு அடியில் கொண்டுபோனார்கள். அடிபம்பருகே உலகம்மை நின்றிருந்தாள், இடுப்பைக் கட்டிக்கொண்டு குழந்தை. அங்கிருந்துதான் அவர் சுட்டார். அவள் அதற்கு இந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. தாய் தெருவுக்கு வந்த பிறகே முகத்தைத் தொட்டாள். அண்ணாச்சி தீச்சட்டிக்குப் பின்னால் நடந்தவர் மகளைத் தாண்டும்போது நின்றார். அவள் குழந்தையின் முகத்தைத் தன் இடுப்போடு அணைத்துக்கொண்டாள். அவர் போய்விட்டார்.

எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் கேட்டாள். "சித்தப்பா, இன்னும் எவ்ளோ இருக்கு?"

"உன் எடத்துக்கு மூணு வருசம் இருக்கும் தாயி. இப்பமாச்சும் உள்ள வாயேன். அம்மா இருந்த வீடு."

"அம்மா அன்னைக்கி எங்க நின்னான்னு யாராச்சும் கேட்டியளா?" என்றாள். "எனக்குப் பின்னால நின்னா. அவிங்களுக்குக் காப்பி கொண்டாந்தா. மூணு பேரும் ஒரே நேர்ல நின்னோம் சித்தப்பா. அப்பாட்ட சொல்லப்படாது, தாங்கமாட்டாருன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. இப்பம் அவளே போயிட்டா."

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து, பந்தல் பிரித்த பகலில் நான் அதை அண்ணாச்சியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது என்று சிலர் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஒரு தடவை கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவன் நான், சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் விட எனக்குத் தெம்பில்லை. அவர் எழுந்து அடுக்களைக்குப் போனார். அலமாரியில் மதினி அந்தக் காப்பித் தட்டையும் மூன்று டம்ளர்களையும் கவிழ்த்து வைத்திருந்தாள், எட்டு வருஷமாக யாரும் எடுக்காமல். அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

குண்டு மேல்படியை நெருங்கத் தொடங்கியது. கொம்பையாவிடமிருந்து வந்த செய்திகளும் மாறின. பேச்சிமுத்துவுக்கு நெஞ்சில் ஓர் இடத்தில் மட்டும் வெதுவெதுப்பாக இருக்கிறதாம். தொட்டால் சுடுகிறதாம். படமெடுத்துப் பார்த்த டாக்டர்கள் ஒன்றுமில்லை என்கிறார்களாம். அடுத்த மாதம் இருமல். அதற்கடுத்த மாதம் வேலைக்குப் போகவில்லை, படுத்திருக்கிறான். குத்தாலிங்கம் அண்ணாச்சி குறி வைத்தால் தப்பாது என்று எங்கள் ஊர் முப்பது வருஷம் பெருமையடித்துக்கொண்டிருந்தது. இப்போது அதை வாய்விட்டுச் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

குண்டுக்கும் பேச்சிமுத்து நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு முழம் மிச்சமிருந்தபோது அண்ணாச்சி என்னை அழைத்துவிட்டார். ஆசாரி செய்துகொடுத்த ஸ்டூல் ஒன்று மேல்படியில் கிடந்தது. அதில் உட்கார்ந்தால் தன் நெஞ்சு சரியாக நாலரை அடியில் வருகிறதா என்று அளந்து பார்க்கச் சொன்னார். நான் டேப்பைப் பிடித்தேன். வந்தது.

"அண்ணாச்சி, அது இரும்புலயே நிக்கல."

"இரும்ப நனைச்சுக் காயவைக்க முடியாதுலா," என்றார். "அசையாம இருந்தா பிடிச்சுக்கிடும் வே. நான்லா சுட்டேன்."

"சரி, நிப்பாட்டுதீய, வச்சுக்கிடுவோம். நின்னுட்டுன்னா உலகு நின்ன எடத்த அது தாண்டாதே. தாண்டாட்டா அவ வரமாட்டாளே. பத்து வருசமா அதுக்குத்தான காத்துக் கெடக்கீய?"

வாதாமரத்தில் உறைகள் காற்றில் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டிருந்தன.

"தெரியும்," என்றார். "அவன் இருக்கணும்லா வே."

ஒரு புதன்கிழமை காலையில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈர வேட்டியும் ஈரத் துண்டுமாக, தெருவைப் பார்த்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். குண்டு துண்டைத் தொட்டது. ஒரு நாளைக்கு ஓர் அரிசி நீளம் அவருக்குள் போயிற்று. ரத்தம் வரவில்லை. ஊர் மறுபடியும் கேட்டுக்குள் வந்தது. கஞ்சி கொண்டுவந்தார்கள், முறை போட்டு விசிறினார்கள், குண்டு உள்ளே அடங்கும் வரை காயக்கூடாது என்று துண்டை நனைத்து நனைத்துப் போட்டார்கள். புது இன்ஸ்பெக்டர் வந்து, இதற்கு என்ன செக்ஷன் போடுவது என்று என்னையே கேட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார். பத்தாம் நாள் குண்டின் அடிப்பாகமும் மறைந்துவிட்டது. அன்றைக்குக் கொம்பையா ஓடிவந்தான், அவன் அதுவரை மேலத்தெரு வழியாக ஓடியதில்லை.

"அய்யா, பேச்சிமுத்து எந்திரிச்சு உக்காந்துட்டான். சூடு இல்லியாம். சோறு கேக்கானாம்."

அண்ணாச்சி தலையசைக்கவில்லை, அசையக்கூடாது. கண்ணில் மட்டும் தண்ணீர் வழிந்தது, அதை நான் துடைத்தேன்.

நெஞ்சிலிருந்து முதுகுக்கு நாற்பது அரிசி நீளம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். முப்பத்தைந்தாம் நாள் குவாரிக்குப் போய்ப் புது அட்டை ஒன்று எடுத்துவந்து, அவர் முதுகுக்கும் வாசல் நிலைக்கும் நடுவில் கட்டித் தொங்கவிட்டேன். வெளியே வந்தால் அட்டையில் தெரியும், அதற்கு மேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை. நாற்பதாம் நாள் அட்டை சுத்தமாக இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அவர் குரல் மெலிந்து, கஞ்சியும் இறங்காமல் போயிற்று. நாற்பத்திமூன்றாம் நாள் முற்பகலில் நான் துண்டை நனைத்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளே, அடுக்களைப் பின்கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

உலகம்மை. அவள் முன்வாசலுக்கு வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தாள். பின்சந்து வழியாக வந்து, தாய் காப்பித் தட்டோடு நின்ற இடத்தைக் கடந்து, கூடத்தைக் கடந்து, தான் நின்ற அதே வாசல் நிலையில் வந்து நின்றாள். பின்னால் இருட்டான கூடத்தில் பேச்சிமுத்து பிள்ளையின் கையைப் பிடித்தபடி இருந்தான். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இன்னும் வெளியே வரவில்லை என்று நான் தலையாட்டினேன். அவள் அட்டையை மெதுவாக அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டு, உள்ளங்கையைத் தகப்பனின் முதுகில் வைத்தாள்.

"வைகுண்டம்," என்றார் அண்ணாச்சி தெருவைப் பார்த்தபடி. "எனக்குப் பின்னால யாரு நிக்கா?"

நான் உலகம்மையைப் பார்த்தேன்.

"நாந்தாம்ப்பா," என்றாள்.

அவர் கழுத்து நரம்பு புடைத்தது, திரும்ப எவ்வளவு ஆசைப்பட்டார் என்று நான் பார்த்தேன். திரும்பவில்லை.

"தள்ளி நில்லு தாயி," என்றார். "இன்னும் உள்ள கெடக்கு. வந்தாலும் வந்துரும். தள்ளி நில்லு."

அவள் தள்ளவில்லை. அவர் இன்னும் இரண்டு தடவை அதையே சொன்னார், கடைசியில் குரல் வரவில்லை, உதடு மட்டும் சொன்னது. அந்த முதுகில் இருந்த வெதுவெதுப்பு மதியத்துக்குள் ஆறிப்போகிறவரை அவள் கையை எடுக்காமல் நின்றாள். சிதைச் சாம்பலில் தேடியபோதும் குண்டு கிடைக்கவில்லை.

அந்த அட்டை என்னிடம்தான் இருக்கிறது. அன்றைய தேதி போட்டு, சங்கத்து நோட்டில் ஒட்டி, குத்தாலிங்கம் என்று பேர் எழுதினேன். நாற்பது வருஷ நோட்டில் அவர் பேருக்கு எதிரே ஓட்டை விழாத அட்டை அது ஒன்றுதான்.